அளவெட்டிக்காரரின் இரத்தம்

மகளின் தொடையில் கத்தி வைக்காமல் முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. அவளுடைய கால்கள் தளர்ந்துகொண்டே வந்தன. இணுவிலில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டே படிகள். அவற்றில் ஏறவும் முழங்காலில் கையை ஊன்றினாள். மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருப்பதாகப் பரிசோதனை சொன்னது. அதுதான் காரணமா என்று சொல்லவில்லை.

உடலின் கலம் ஒரு மரபணுவைப் படியெடுக்கும்போது சில துண்டுகளை நீக்கிவிட்டு மற்றவற்றை ஒட்டிக்கொள்கிறது. மாறிய எழுத்து ஒரு துண்டின் ஓரத்தில் இருந்தது. அந்தத் துண்டு தவறுதலாக விடுபடுகிறதா என்பதை, அந்தப் படியான ஆர்.என்.ஏ.யை வாசித்தால் அறியலாம். தொடைத் தசையில் ஒரு துணுக்கு வெட்டியெடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். முதலில் இரத்தத்தில் பார்ப்போம் என்று நான் கெஞ்சினேன். நோயில்லாத ஒருவருடன் ஒப்பிடுவதற்காக, என்னோடு கணினிப் பிரிவில் வேலை செய்யும் அளவெட்டிக்காரர் ஒருவரும் இரத்தம் கொடுத்தார்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து தரவு வந்ததும், பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வீட்டில் இருந்து அதைக் கணினி நிரலில் ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை. அந்த மரபணுவை இரத்தக் கலங்கள் ஏறக்குறையத் தொடுவதேயில்லை. ஓர் ஒட்டைக் காட்டும் ஆர்.என்.ஏ. வாசிப்புகள் பத்துக்குக் குறைந்தால், நிரல் அதைப் பிழையென்று தள்ளிவிடும். அந்த எல்லையை ஒன்றாக்கினேன். மூன்று வாசிப்புகள் வந்தன. மூன்றிலும் அந்தத் துண்டு இல்லை.

மனைவியைக் கூப்பிட்டேன்.

"கிடைச்சிட்டுது போலை."

"பிள்ளைக்கு வருத்தம் எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு உவ்வளவு சந்தோசமோ?"

"என்ன வருத்தமெண்டு தெரிஞ்சால்தானே மருந்தைப் பாக்கலாம்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மற்றவரின்ரை ரத்தத்திலை பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. அதே எல்லையை வைத்துப் பார்த்தேன். அவருக்கு நான்கு வாசிப்புகள். நான்கிலும் அந்தத் துண்டு இல்லை. எதிர்காற்றிலும் அளவெட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வேலைக்கு வருகிற மனிதர். மனைவி குசினிக்குப் போனாள். எல்லையைத் திரும்பவும் பத்தாக்கினேன்.

மகள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "என்ரை ரத்தம் காணாதோ, அப்பா?"

"ரத்தத்திலை அது தெரியாது, பிள்ளை. தசையிலைதான் பாக்கவேணும்."

"எவ்வளவு வெட்டுவினம்?"

சுண்டுவிரலின் நுனியைக் காட்டினேன். அவள் அதைப் பிடித்து நகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"உதோடை விடுவினமோ, இல்லாட்டிப் பிறகும் கேப்பினமோ?"

வைத்தியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் விரலை விடவில்லை.