கிளிஃபர்ட் வென்ட்டின் ‘கே’ எழுத்து

நவம்பர் பிறந்தால் கிளிஃபர்ட் வென்ட் இன்றும் அந்தக் கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் தன் காப்பீட்டு அலுவலகத்தைத் திறக்கிறான். மார்பில் மஞ்சள் கம்பளியில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. கெல்லர்டன் கல்லூரியின் ‘கே’. தொப்பை தள்ளித் தள்ளி அந்த எழுத்து இப்போது கால்களை அகட்டிக்கொண்டு நிற்கிறது. இருபது வருடமாகப் பார்க்கிறேன். எதிரில் வந்தால் நானும் சிரித்து வைக்கிறேன். வெளியூர்க்காரனுக்கு எதற்கு வம்பு. ஆனால் அந்த எழுத்து எப்படி வந்ததென்று அன்று அணித்தலைவனாக இருந்த ரே டோலெஃப்சன் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து; வென்ட் நான்கு வருடம் கல்லூரி அணியில் இருந்தான். பெஞ்சில் இருந்தான் என்பதே சரி. மலைபோல் உடம்பு, யாராவது மோத வந்தால் முகம் மட்டும் தானாகத் திரும்பிக்கொள்ளும். அணிக்குப் போடும் மாட்டிறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் மட்டும் முதல் ஆள்.

ட்ரேமாண்ட் கல்லூரியோடு ஆடும் கடைசி ஆட்டத்தில் ஒரு சுற்றாவது, அதாவது பந்து ஒருமுறை கிளம்பி நிற்கும்வரையாவது, களத்தில் நின்றவனுக்கே எழுத்து போட்ட ஸ்வெட்டர். வருடம் முழுக்க எலும்பு முறிய ஆடி, அன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் ஒன்றும் கிடையாது. வென்ட்டோ, போன வருடமே கிடைத்துவிட்டதாக வீட்டில் அளந்திருந்தான். பின்னுகிற அம்மாள் தாமதம் செய்கிறாளாம். 1926தான் அவனுக்குக் கடைசி வருடம். கடைசி ஆட்டத்துக்கும் பரிசு விருந்துக்கும் அம்மாவும், அவன் கட்டிக்கொள்ளப்போகிற மேபலும் வருவதாக இருந்தார்கள்.

அந்த வருடம் ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி. டோலெஃப்சன் உடைந்த இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடினான். எட்டாவது ஆட்டம் ட்ரேமாண்டோடு. முடிய இரண்டு நிமிடம். ஆறுக்கு மூன்று என்று கெல்லர்டன் முன்னால். பந்து ட்ரேமாண்ட் கையில், கெல்லர்டன் எல்லைக்கோட்டுக்குப் பதினெட்டு கெஜத்தில். முன்வரிசையில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் மிச்சம் இருந்தது வென்ட் மட்டும்.

“எழுந்திரு,” என்றார் பயிற்சியாளர் ஹாஸ்காம்ப். “நடுவர்கிட்ட பேரைச் சொல்லு. அப்புறம் ஒரு சுத்து முடியறவரைக்கும் நம்ம பசங்ககிட்ட மூச்சு விடாதே. ஞாபகம் இருக்கில்ல?”

“நாலு வருஷமா இதைத்தானே சொல்றீங்க, கோச்!”

வெளியிலிருந்து பயிற்சியாளர் ஆள்மூலம் யோசனை சொல்லி அனுப்பிவிடக் கூடாதென்று அந்தக் காலத்து விதி. புதிதாக இறங்குபவன் வாய் திறந்தால் பதினைந்து கெஜம் போச்சு. ஊரில் பால் ஊற்றுகிறவனுக்குக்கூட இது தெரியும்.

வென்ட் இறங்கினான். அம்மா பார்க்கிறாளா என்று கூட்டத்தைத் தேடினான். முகம் தெரியட்டுமென்று தோல்தொப்பியைப் பின்னால் தள்ளினான். பிறகு இரண்டு கையையும் விரித்தான்.

“டேய் பசங்களா, நான் வந்துட்டேன்டா! இனிமே பயப்படாதீங்க!”

நடுவர் விசில் ஊதினார்.

“வாயை மூடுறா, பாவி!” என்று டோலெஃப்சன் அலறியது விசிலுக்கு அப்புறம்தான்.

பதினெட்டு கெஜம் மூன்றாயிற்று. அடுத்த சுற்றிலேயே ட்ரேமாண்ட்காரன் பந்தை அணைத்துக்கொண்டு வென்ட் நின்ற பக்கமாகவே புகுந்தான். வென்ட்டின் முகம் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி; ட்ரேமாண்ட் ஒன்பது, கெல்லர்டன் ஆறு. ஆட்டம் முடிந்தது.

“என்னதான்டா சொல்ல வந்தே?” என்று உடைமாற்றும் அறையில் டோலெஃப்சன் கேட்டான்.

“ஒரு தைரியம் கொடுக்கலாம்னு...”

“யாருக்கு?”

பையன்கள் பயிற்சியாளரிடம் போனார்கள். “அவனுக்கு மட்டும் எழுத்து கொடுக்காதீங்க, கோச்.”

“ஒரு சுத்து நின்னா எழுத்து. நின்னுட்டான். விதியை மீறினது அவன். நானும் மீறணுமாடா?”

விருந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. பெயர் வாசிக்கப்பட்டபோது அம்மாவும் மேபலும் மட்டும் கைதட்டினார்கள். கொஞ்சம் சொரணையுள்ளவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருப்பான். வென்ட் எழுந்து போய் வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டான்.

ஹாஸ்காம்ப் அவன் காதோரம் சொன்னது முதல் மேஜைக்குக் கேட்டது: “இப்ப பேசு தம்பி. எவ்வளவு வேணும்னாலும் பேசு.”

அதை அழைப்பென்று எடுத்துக்கொண்டான் வென்ட். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஓர் அணிக்குத் தைரியம் எவ்வளவு முக்கியம் என்று இருபது நிமிடம் பேசினான்.

இன்னும் நிறுத்தவில்லை. ஆலங்கட்டி மழைக்குச் சோளப்பயிரைக் காப்பீடு செய்ய வருகிறவர்கள் கையெழுத்துப் போடும்முன் அந்த ஏழு வெற்றிகளையும் கேட்டாக வேண்டும். யாராவது துணிந்து எட்டாவதைப் பற்றிக் கேட்டால், எழுத்தைத் தடவிக்கொண்டே சொல்வான்:

“அந்த நடுவருக்குக் காது கொஞ்சம் அதிகம்பா.”