இருசப்பனின் வழுக்கைக் காசு

1984இல் மலேசியாவின் கெர்லிங் பட்டணத்தில் இரண்டே செல்வந்தர்கள் இருந்தார்கள். ஒருவர் டுரியான் தோட்டமும் மூன்று லோரியும் வைத்திருந்த சீன முதலாளி. மற்றவர் முடிதிருத்துநர் இருசப்பன். அவரிடம் ஓர் இருபது காசு நாணயம் இருந்தது.

காப்பிக்கடையில் மீதிச் சில்லறையாக வந்த காசு அது. அச்சடிக்கும்போது இயந்திரம் தும்மிவிட்டதோ என்னவோ, நாடாளுமன்றக் கட்டடம் ஓரமாகச் சரிந்து, பாதி காசுக்கு வெளியே போயிருந்தது. எந்த எதிர்க்கட்சியாலும் முடியாத காரியம். மீதி இடமெல்லாம் மொழுமொழுவென்று வழுக்கை. வழுக்கையைக் கண்டாலே தொழில் கவலையில் வாடிப்போகும் இருசப்பன், இந்த ஒரு வழுக்கையைக் கண்டு மட்டும் பூரித்துப்போனார்.

“இந்த மாதிரி தப்புக் காசுக்குக் கேஎல்ல ஆயிரம் வெள்ளி குடுக்குறானாம்லா!” என்றார் முடிவெட்ட வந்த லோரிக்காரர் செல்லன்.

கோலாலம்பூர்ச் சமாச்சாரம் அவருக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் ஆயிரம் ரிங்கிட் ஐயாயிரமானது. செய்தி பக்கத்து ஊரான அம்பாங் பெச்சா போய்ச் சேர்ந்தபோது பத்தாயிரம். யாராவது விலை கேட்டால், இருசப்பன் கத்தரிக்கோலால் வெறுங்காற்றை இரண்டு முறை வெட்டிவிட்டு, “பாப்போம்லா” என்பார். விற்க மட்டும் போகமாட்டார். விலை தெரியாதவரைதான் தாம் பணக்காரர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“டேய் இருசா” என்ற ஊர் “இருசப்பண்ணே” என்றது. காப்பிக்கடையில் காற்றாடிக்குக் கீழே நாற்காலி கிடைத்தது. கடைசியில், ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவரையே தலைவராக்கலாம் என்று பேச்சு எழுந்தது. தலைவருக்குத்தான் திருவிழாவில் முதல் மாலை. இருசப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கழுத்தில் விழுந்தது துண்டு ஒன்றுதான். ஆகவே அந்த மாலைமேல் அவருக்கு இருந்த ஆசையை ஆசை என்று சொன்னால் போதாது.

நடப்புத் தலைவர், தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் நல்லசாமி, சும்மா இருப்பாரா? தேர்தல் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோலாலம்பூரில் பழங்காசு வியாபாரம் செய்யும் தங்கை மாப்பிள்ளை சேதுவை அழைத்துக்கொண்டு இருசப்பனின் கடைக்கு வந்தார். பின்னாலேயே பாதி ஊர்.

“எடுப்பா அந்தக் காச. மாப்ள பாத்து வெல சொல்லட்டும். பத்தாயிரமா பத்து காசான்னு ஊருக்குத் தெரியணுமில்ல?”

இருசப்பனுக்கு முப்பது வருடத் தொழில் கைகொடுத்தது. சேதுவின் தாடையைக் கவலையோடு பார்த்தார்.

“சாருக்கு ரெண்டு நாள் தாடி. இப்படியேவா ஆத்தா சன்னதிக்குப் போறது? உக்காருங்க சார், காசு வேணாம்.”

இலவசம் என்றதும் சேது உட்கார்ந்துவிட்டார். நுரை பூசி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, கத்தியைத் தாடைக்குக் கீழே வைத்த பிறகுதான் இருசப்பன் காசை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நிதானமா பாருங்க சார். அசையாம பாருங்க. புதுக் கத்தி.”

இதை மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் தம் தொழிலைத்தான் செய்தார்.

“சொல்லுங்க மாப்ள, எவ்வளவு பெறும்?” என்று நல்லசாமி அவசரப்பட்டார்.

சேது எச்சில் விழுங்கினார். குரல்வளை ஏறி, கத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பத்திரமாக இறங்கியது.

“இதுக்கு... வெல சொல்ல முடியாது, மச்சான்.”

கூட்டம் ‘ஆ’ என்றது. நல்லசாமிதான் முதலில் வெளியே நடந்தார். எல்லாரும் தேர்தலுக்குக் கோயில் பக்கம் நடந்தபின், இருசப்பன் படிகாரம் தடவிக்கொண்டிருக்கும்போது சேது மெதுவாகச் சொன்னார்:

“பதினஞ்சு வெள்ளி பெறும்ணே. இப்பவே தரவா?”

“வேணாம் சார். வெல சொல்ல முடியாதத எப்படி விக்கிறது?”

திருவிழாவில் புதுத் தலைவர் கழுத்தில் மாலை விழுந்தது. சாமந்தி கழுத்தை அரித்தது. இருசப்பன் சொறியவே இல்லை. அந்த மாலை இருபது வெள்ளி என்று மனைவி சின்னத்தாய் விசாரித்து வந்து காதில் சொன்னாள். காசைவிட ஐந்து வெள்ளி கூடுதல். இருசப்பன் மாலையை நேராக்கிக்கொண்டு, மிகுந்த பொறுப்போடு தேருக்கு முன்னால் நடந்தார்.