பந்தலில் தண்ணீர் வார்த்தவர்

பிள்ளைகளே, ஊரில் எங்கள் ஆட்கள் மேல்சாதியார் முன்னால் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு எட்டு வயதில் அப்பா யாழ்ப்பாணப் பட்டினம் காட்டக் கூட்டிப் போனார். அங்கே எங்களை அறிந்தவர் இல்லை என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். கோட்டை அகழியைச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்லூருக்கு நடந்தோம். அப்பா அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் கண்டதில்லை.

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். நெற்றி நிறையத் திருநீறு பூசிய கிழவர் ஒருவர், ஒவ்வொரு முறையும் செம்பின் விளிம்பைத் துடைத்துத் துடைத்து வார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தம்பி, நல்ல வெயிலுக்கை வாறியள்," என்றார் சிரித்தபடி.

அவரைக் கண்டதும் அப்பாவின் கை, பழக்கத்தில், சால்வையை இழுத்துக் கக்கத்தில் இடுக்கியது.

கிழவர் செம்பைக் கீழே வைத்தார். சிரிப்பு மாறவில்லை.

"எட, நீ உவையளின்ரை ஆளோ? தள்ளி நில்லு. உந்த மாட்டுத் தொட்டியிலை தண்ணி கிடக்கு. பெடியனை அதிலை குடிக்கச் சொல்லு."

"ஓம் நயினார்," என்றார் அப்பா.

நான் குனிந்து குடித்தேன்.

"பாவம், பெடியனுக்குச் சரியான விடாய்," என்றார் கிழவர், செம்பைத் துடைத்தபடி.

திரும்பும் வழியெல்லாம் சால்வை கக்கத்திலேயே இருந்தது. கிழவரின் குரலில் இருந்த இரக்கம் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.