வீட்டில் இருப்பவர்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு ‘உதாரணம்’ என்று பெயர். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுத மூன்று பேர் இருந்தார்கள். அந்தச் சொல் எப்படிப் புழங்கும் என்று காட்ட ஒரு வாக்கியமும் அதன் தமிழும் எழுதுவது அவள் வேலை. வாக்கியம் யாராவது, எங்காவது, உண்மையிலேயே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. “இவ வீட்டு நிலவரம் தெரியணும்னா நம்ம அகராதியப் புரட்டினாலே போதும்” என்று பதிப்பாசிரியர் கேலி செய்வார். அவர் சொன்னதில் தப்பில்லை. ‘தாமதம்’ வந்த இடத்தில், ‘என் கணவருடைய விடுமுறை மறுபடியும் தள்ளிப்போனது’ என்று எழுதியவள் அவள்தான். தொலைவு, பெட்டி, கதவு, எதை எடுத்தாலும் அந்த மனிதர் வாக்கியத்தில் வந்து நிற்பார். வீட்டில்தான் வந்து நிற்கமாட்டார்.

அவள் கணவர் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் சேர்ந்திருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். முடியும்போதெல்லாம் போனில் கேட்பார்.

“இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நீ என்ன சொல்ற?”

“உங்க இஷ்டங்க.”

உலகத்துச் சொற்களுக்கெல்லாம் வாக்கியம் எழுதுகிறவளுக்கு அந்த இடத்தில் மட்டும் வேறு வாக்கியம் வராது. வரச் சொல்லி, அவரும் வந்து, இங்கே வேலை கிடைக்காமல் முகம் வாடி உட்கார்ந்துவிட்டால்? அந்தப் பழி தனக்கு வேண்டாம் என்று பயந்தாள். நேற்று மாலையும் அவர் கேட்டார். நேற்று மாலையும் அதே பதில்தான்.

இன்று காலை அவள் மேசைக்கு வந்த சீட்டில் ‘ஹஸ்பண்ட்’ என்ற சொல் இருந்தது. தெரியாத சொல்லா என்ன? அலட்டிக்கொள்ளாமல் எடுத்தாள். அடியில் அதன் பிறப்பை எழுதியிருந்தார்கள். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததாம். முன்பாதிக்கு வீடு என்று பொருள், பின்பாதிக்குக் குடியிருப்பவன். வீட்டில் இருந்து வீட்டை நடத்துகிறவனைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். கல்யாணமானவனா என்றுகூட அந்தச் சொல் கேட்கவில்லை. கணவன் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சிக்கனமாகச் செலவழிப்பது என்று வேறொரு பொருளும் இருந்தது.

எங்கோ குளிர்கடல் ஓரத்தில் இருந்தவர்களும் வீட்டையும் ஆளையும் பிரித்துப் பார்க்கவில்லை. ‘எங்க வீட்டுக்காரர்’ என்று சொல்லும் நம்மவர்களும் பார்க்கவில்லை. தான் மட்டும் எப்படிப் பிரித்து வைத்தோம் என்று நினைத்தாள். ‘என் கணவர் வீட்டில் இருக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

பதிப்பாசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத்தன வருஷத்துல நீ எழுதின முதல் பொய் இதுதாம்மா.”

சாப்பாட்டு வேளையில் மாடிப்படி ஜன்னலோரம் நின்று அவருக்குப் போன் செய்தாள்.

“என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். நேத்து கேட்டீங்கல்ல? வந்துடுங்க.”

கிரேன் சத்தத்தை விட்டு அவர் ஓரமாக நகர்வது கேட்டது.

“காலைலதான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். “நீ எப்பவும் சொல்றதத்தானே சொன்ன.” பிறகு குரல் இறங்கியது. “ஏழு தடவ கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீ வந்துடுங்கன்னு சொல்லுவன்னுதான் கேட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சிக்கனம் பிடித்து, பதினான்கு வருடத்தை இரண்டு பேரும் வாரி இறைத்திருக்கிறார்கள்.

“அடுத்த தடவ கேக்காதீங்க” என்றாள். “இப்பவே சொல்லிட்டேன்.”

மேசைக்குத் திரும்பி, காலையில் எழுதியதை அடித்துவிட்டு வேறு வாக்கியம் எழுதினாள்: ‘என் கணவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.’

பதிப்பாசிரியர் அதில் கை வைக்கவில்லை.