மைனஸ் நானூற்று எண்பது பனியன்

கல்லூரி கம்ப்யூட்டர் வகுப்பில் ஸ்டாக் (stack), அதாவது எண்களை அடுக்கிவைத்துக் கணக்குப் போடும் பாடம் நடத்துகிறவன் நான். அந்தத் தெம்பில் அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். முதலாளி முன்னால், ‘தைத்தது ஐந்நூறு, டேமேஜ் இருபது’ என்று அடித்து, ஸ்டாக் முறைப்படி கழித்தல் குறியை எண்களுக்குப் பிறகு கடைசியில் போட்டேன். திரையில் மைனஸ் நானூற்று எண்பது.

“ஏனுங்க சார், தெச்சதையெல்லாம் பிரிச்சுப்போட்டாலும் இத்தனை கொறையாதுங்களே?” என்றார் முதலாளி.

சாஃப்ட்வேர் எண்களை வந்த வரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும், மேலே இருப்பதை முதலில் எடுத்து, அதிலிருந்து அடுத்ததைக் கழிக்கும் என்று கெத்தாக விளக்கினேன். பனியன் மடித்து அடுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

“மேல இருக்கறது கடைசியா வெச்சதுங்களே சார்? அப்ப இருபதுல இருந்து ஐநூறைக் கழிக்குதுங்களா?”

அங்கேயே திருத்திவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. வகுப்பிலும் இப்படியேதான் நடத்தியிருக்கிறேன். ஐந்து வருஷமாக நான் மாட்டாததற்கு ஒரே காரணம், போர்டில் போட்ட உதாரணமெல்லாம் கூட்டல்.