அவர் நெஞ்சில் இல்லாத கம்பி

குவைத்துக்குத் திரும்பப் போகும் முன்பு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர் அவர். ஆவூர்ப் பக்கம். புதுக்கோட்டையில் என் அக்காவின் கணவர் நடத்தும் ஸ்கேன் சென்டரில்தான் எடுத்தார். மறுநாள் அதே படத்தோடு வந்து, ரிசப்ஷன் முன்னால் நின்று சட்டைப் பட்டனைக் கழற்றினார்.

“பாருங்க, எங்கயாவது தையல் தெரியுதா? எனக்கு இருதய ஆப்ரேஷன் ஆயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு.”

மச்சான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மேல்பாதி சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே ஒரு பட்டை மட்டும் தனியாகத் தெரிந்தது. அதில் விலா எலும்புகள் கொஞ்சம் நகர்ந்திருந்தன. நடுவில், ஆப்ரேஷன் முடிந்து நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டும் கம்பி வளையங்கள். வந்தவர் நெஞ்சிலோ ஒரு கீறல்கூட இல்லை.

“என் நெஞ்சுக்குள்ள இருக்குறது யாரு நெஞ்சுங்க?” என்று கேட்டார் அவர். மச்சான் அவருக்கு மறுபடி படம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கர்னல் வேலை பார்க்கிறவன் நான். கம்ப்யூட்டரில் மெமரிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே போகிற வருகிற எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை நிரல்தான் கர்னல். எடுத்த படங்களைச் சேமித்து வைக்கும் சென்டரின் சர்வரை அமைத்துக் கொடுத்தது வேறொருவர். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“மாப்ள, இது எக்ஸ்ரே எடுக்குற அந்த டெக்னீசியன் பொண்ணு வேலை. லீவு கேட்டுச்சு, தரலை. அந்தக் கோவம்” என்றார் மச்சான்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஒருவர் படத்தில் இன்னொருவர் எலும்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமா? ரிசப்ஷனில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணைக் கவனித்தேன். மத்தியானம் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவர் மானிட்டருக்கு நேராகத் தன் செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நோயாளிகளின் படங்களை எங்கே அனுப்புகிறார்?

நேராக உள்ளே போய்க் கேட்டேன்.

“எங்கிட்டும் அனுப்பலைண்ணே. எடுத்த படம் எடுத்தப்ப சரியாத்தான் இருக்கு. நாளைக்கு மாறிப்போனா, நான் மாத்தலைன்னு எதை வச்சுச் சொல்லுவேன்?” என்றார். போனை என் கையிலேயே கொடுத்தார்.

அதை முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரமே இன்னொரு படம் கெட்டது. அவர் போனில் இருந்தது முழங்கால், நல்ல முழங்கால். சர்வரில் இருந்த கோப்பிலோ பாதிக்குக் கீழே ஒரு பட்டையில் யாருடைய இடுப்போ. படம் எடுக்கும் மெஷினில் அப்போதைய நகல் இன்னும் அழியாமல் இருந்தது. அதையும் சர்வர் கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். வித்தியாசம் தொடங்கிய இடம் 4096-இன் மடங்கு. முடிந்த இடமும் அப்படியே. கர்னல் மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கையாளும் அளவு அது. கோபத்தில் ஒரு கோப்பைக் கெடுக்கிறவர் இப்படி அளந்து கெடுக்க மாட்டார்.

அன்றிலிருந்து என் சந்தேகம் மனிதர்களை விட்டுச் சர்வர் மேல் திரும்பியது. மெமரியைச் சோதித்தேன், குறையில்லை. டிஸ்க்கை மாற்றினேன், அப்புறமும் ஒரு படம் கெட்டது. மிச்சம் இருந்தது கர்னல். ஒவ்வொரு பக்கத்திலும் அதன் எண்ணையே எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சின்ன நிரல் ஒன்றை வீட்டில் ஓட விட்டேன். எல்லாம் சரி, சரி என்றே வந்தது. அந்தச் சரியையும் நான் நம்பவில்லை. சென்டரில் எக்ஸ்ரே சேமிக்கும் நேரத்திலேயே பேக்கப்பும் ஓடும், மெமரி திணறும். வீட்டிலும் மெமரியைக் குறைத்து, கூடவே பேக்கப்பை ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத்தில் அதன் எண் இல்லை. என்றோ அழித்த கோப்பின் மிச்சம் இருந்தது.

அதன்பின் கர்னலின் வரிகளை ஒவ்வொன்றாகத் துருவினேன். நெருக்கடியில் ஒரு பக்கத்தை டிஸ்க்கில் எழுதும் முன்பே “எழுதியாச்சு” என்று குறித்துவிடும் இடம் ஒன்று அகப்பட்டது. அந்தக் குறியை நம்பி, மெமரியில் இருந்த புதுப் படத்தைக் கர்னல் வீசிவிடும். டிஸ்க்கில் அதே இடத்தில் கிடந்த பழைய நோயாளியின் எலும்பு மேலே வந்துவிடும். இரண்டு வரிகளை இடம் மாற்றியதும் அந்தக் கோளாறு நின்றுபோனது.

திருத்தத்தை அந்தக் கர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். உங்கள் மெமரி பழுதாக இருக்கலாமே என்றுதான் முதல் பதில் வந்தது. சோதனை நிரலையும் அனுப்பிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள். பழைய படங்களை எல்லாம் திறந்து பார்த்து, பட்டை விழுந்தவர்களை மச்சான் கூப்பிட்டுத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். ஆவூர்க்காரர் அதற்குள் விமானம் ஏறியிருந்தார்.

மச்சான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “எல்லாம் மெஷின் கோளாறும்மா. மனசுல வச்சுக்காதே” என்றார்.

“சரிங்க சார்” என்றார் அவர். பிறகு திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். போக வேண்டாம் என்று மச்சான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்.

“இல்ல சார். இங்க அடுத்து எது தப்பானாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சர்வர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.