லெமன் கலர் குழந்தை

போன மாதம் என் தம்பி முரளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் அத்தையாகிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் அவன் வீட்டுக்குத் தினமும் கார் ஓட்டினேன் — நெரிசலைத் திட்டாமல். அதுவே ஓர் அதிசயம்.

குழந்தை பிறந்த செய்தி போனதும் நம் சொந்தங்கள் என்ன கேட்பார்கள்? ஆணா பெண்ணா? எவ்வளவு எடை? அப்புறம், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு... "கலர் எப்படி?"

எடையைக் கேட்பதாவது நியாயம். கலரைத் தெரிந்துகொண்டு என்ன, சட்டையா தைக்கப் போகிறார்கள்? இப்படியெல்லாம் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் பொரிந்து தள்ளியிருக்கிறேன். "கரெக்டா சொன்னீங்க" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் குழந்தை எலுமிச்சை நிறத்தில் இருந்தாள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போனது. பங்சாரில் இருக்கும் எங்கள் சித்தி உடனே குரல் பதிவு அனுப்பினார். "என்னாடா முரளி, புள்ள தங்கமா மின்னுது. லெமன் கலர் லா. மைப்பொட்ட பெருசா வை, கண்ணு பட்டுரும்." வைத்தான் — ஐம்பது காசு அகலத்துக்கு.

"ரொம்ப சாதுக்கா" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டான். "பாலுக்குக்கூட அழமாட்டா. தூங்கிக்கிட்டே இருக்கா."

அவன் மனைவி கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நல்ல கருப்பு. ஐந்து வருடத்துக்கு முன் கல்யாண மண்டபத்தில், அவள் காதுபடவே எங்கள் ஆட்கள் பேசினார்கள். "படிச்ச புள்ள, நல்ல வேலை... கலர்தான் கொஞ்சம் கம்மி." கவிதா மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவள்தான் அன்று குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "என் கலர் வரலக்கா. தப்பிச்சுட்டா."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை கண்ணைத் திறந்தாள். விழியின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது.

பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் பத்திய அறை, திரை இழுத்து மூடியிருக்கிறது, வெளிச்சம் அப்படிக் காட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கவிதாவின் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்பு என்றுதான் நினைத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்... எனக்கும் அந்தக் கலர் பிடித்திருந்தது.

மறுநாள் காலை கிளினிக்கிலிருந்து தாதி வந்தார். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. தமிழ்ப் பெண். எல்லாருக்கும் அவர் 'மிஸி'. இரண்டு நாள் முன்பு வந்தபோது குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். இன்று வாசலில் இருந்து ஒரு பார்வை பார்த்தவர், நேரே போய்த் திரையை விலக்கினார். குழந்தையை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய், மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சு, வயிறு, பாதம். விரலை எடுத்த இடமெல்லாம் மஞ்சள்.

"பால் குடிக்கிறாளா?"

"தூங்கிக்கிட்டே இருக்கா மிஸி. ரொம்ப சாது" என்றான் முரளி.

"இவ்ளோ சாதுவா இருக்கக் கூடாது தம்பி. சோந்துபோய்க் கெடக்கா. மஞ்சக்காமாலை ஏறியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. விட்டா மூளையப் பாதிச்சுரும்."

"நாங்க... நல்ல கலர்னு நெனச்சோம் மிஸி" என்றாள் கவிதா.

மிஸி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே பேசினார். "மத்தவங்க வீட்டுல மஞ்சளா தெரிஞ்சா எங்களுக்குப் போன் பண்றாங்க. நம்ம வீட்டுல போட்டோ புடிச்சு சொந்தக்காரங்களுக்கு அனுப்புறோம்." பிறகு கவிதாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "உங்கள மட்டும் குத்தம் சொல்லலமா. எங்களுக்குப் பாடத்துல காட்டுன படமெல்லாம் வெள்ளக் கொழந்தைங்க. நம்ம புள்ளைங்க மேல மஞ்சள் எப்படித் தெரியும்னு, வீடு வீடா போய் அழுத்திப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்."

கிள்ளானில் ஆஸ்பத்திரி. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் வேகமாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கண்ணைக் கட்டி கண்ணாடிப் பெட்டியில், நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்தார்கள். உள்ளங்கை அகல முதுகு. எனக்குத் தாங்கவில்லை.

"நேத்தே அவ கண்ணப் பாத்தேன் கவிதா. சொல்லாம விட்டுட்டேன்."

அவள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நானும் பாத்தேன்கா."

கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

வைத்தியத்துக்கு நிறம் ஒரு தகவல். கண்ணைப் பார், நகத்தைப் பார், ஈறைப் பார் என்று அது பாட்டுக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் அதற்கு மார்க் போட உட்காருகிறோம் பாருங்கள்... அங்கேதான் கண் அவிந்து போகிறது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற அன்பான ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்களை என்ன சொல்ல?

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ரத்தத்தில் மஞ்சளின் அளவு இறங்கியது. மஞ்சள் வடிய வடிய, மகள் அம்மாவின் நிறத்துக்கு வந்தாள். பால் கேட்டு வார்டே அதிர அழுதாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

வீட்டுக்குக் கிளம்பினோம். லிஃப்டில் முன்பின் தெரியாத ஓர் ஆன்டி எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "லைட்டுல வச்சாங்களா? அதான் புள்ள கருத்துப்போச்சு, பாவம்."

கவிதா குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கருக்கல ஆன்டி. கொணமாயிட்டா."

நிறத்தைப் பற்றி நான் இதுவரை எழுதிக் குவித்ததெல்லாம் கவிதாவின் அந்த ஒரு வரிக்கு உறை போடக் காணாது.